பக்கத்து வீட்டுக்காரர்

ஹோட்டலின் பின்வாசல் வழியாக அப்பாவை வெளியே அனுப்பிவைத்த பிறகு ஒரு வாரமாகச் சின்னவன் அவருக்குப் போன் பண்ணவில்லை. அவரும் பண்ணவில்லை. பண்ணலாமா என்று போனை எடுப்பதும் வைப்பதுமாகவே அந்த வாரம் போயிற்று.

சின்னவனைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த ஹோட்டலின் வரவேற்புக் கூடம் முழுக்க அவன் பொறுப்பு. தினமும் காலையில் ஊழியர்களை வரிசையாக நிறுத்தி, காலர் சுத்தமா, ஷூ பளபளக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவனுடைய முதல் வேலை. அந்தக் கூடத்துக்குள் கடுகு மஞ்சள் பேன்ட்டும், கிளிப் படம் போட்ட சட்டையும், சிவப்பு நாடா கட்டிய வெள்ளை ஷூவுமாக அறுபத்தாறு வயதுக்காரர் ஒருவர் நுழைகிறார். நரைத்த முடியைப் பின்னால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறார். இடது காதில் வெள்ளி வளையம். வந்ததும் வராததுமாக, "என் பையன் எங்கே?" என்று உரக்கக் கேட்கிறார்.

பையன் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். போன இடம், காய்கறி மூட்டை இறக்குகிற பின்வாசல்.

ஆறு மாதத்துக்கு முன்னால்வரை அப்பா இப்படி இல்லை. பல் செட் செய்யும் லேபில் நாற்பது வருட வேலை. வெள்ளைக் கோட்டு, வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறப் பேன்ட். அம்மா போய் மூன்று வருடமாகிறது. இப்போது வாரத்தில் மூன்று நாள் மட்டும் லேபுக்குப் போகிறார். மற்ற நாட்களில் அந்தப் பழைய வீட்டில் அவரும் டி.வி.யும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகள் பெரியவள் வீட்டில் சாப்பாடு. அதற்கும் இந்த வாரம் வழியில்லை. வெள்ளிக்கிழமையே அவள் சொல்லிவிட்டாள்.

"இந்த ஞாயித்துக்கிழமை வேணாம்ப்பா. ஆஸ்பத்திரியில டூட்டி போட்டுட்டாங்க. அவரும் கப்பல்லேர்ந்து அடுத்த மாசம்தான் வர்றாரு. வீடு பூட்டிதான் இருக்கும்."

"சரிம்மா. உடம்பப் பார்த்துக்கோ," என்றார் அப்பா.

பெரியவளுக்குத் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற பழக்கம். காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது என்று அவள் போன மாதம் சொன்னதை அப்பா மறக்கவில்லை. ராத்திரி பல்லின் மேல் மாட்டிக்கொள்கிற மாதிரி, கண்ணாடி போலத் தெரிகிற ஓர் உறையை லேபில் அவரே செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஈறில் குத்தாதபடி அதன் ஓரங்களைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார். விரல் நுனியால் தடவிப் பார்த்தார். திருப்தியானதும் ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடினார்.

வீடு பூட்டியிருந்தால் என்ன? வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தால் ஆயிற்று. போக ஓர் இடம் கிடைத்த மாதிரியும் இருக்கும். கிளிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வாட்ச்மேன் அவரைக் கண்டதும் எழுந்து சலாம் வைத்தார்.

"வாங்க ஹீரோ சார்! மேல போங்க. எல்லாரும் வந்தாச்சு."

"எல்லாரும்னா?"

"விருந்தாளிங்க வந்திருக்காங்க சார், கார்ல. தம்பிகூட காலையிலேயே வந்துட்டாரே!"

டூட்டி என்றாளே? அப்பாவுக்கு நல்லதாக ஒன்றும் தோன்றவில்லை. யாருக்காவது உடம்புக்கு ஏதாவதா? தன்னிடம் மறைக்கிறார்களா? லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மூன்று மாடியையும் படியேறியே கடந்தார்.

கதவைத் திறந்தது பெரியவள்தான். புதுப் புடவையில் இருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"யாரும்மா அது?" என்றது உள்ளேயிருந்து ஒரு பெண்குரல்.

அவள் தோளுக்கு மேலாக அப்பா கூடத்தைப் பார்த்தார். சோபாவில் வயதான தம்பதி. அவர்களுக்குப் பக்கத்தில் ஓர் இளம் பெண். மேஜையில் கேக், பழங்கள், காபி. எதிர் நாற்காலியில் கோட்டுப் போட்டுக்கொண்டு சின்னவன்.

அப்பாவுக்கு விளங்கிவிட்டது. சின்னவனுக்கு மனசுக்குப் பிடித்த பெண் ஒருத்தி இருப்பது அவருக்குத் தெரியும். கால்நடை மருத்துவர் என்றும், ஹோட்டலில் தங்கியிருந்த யாருடைய நாய்க்கோ வைத்தியம் பார்க்க வந்தவள் என்றும் பெரியவள் சொல்லியிருக்கிறாள். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் பேச வந்திருக்கிறார்கள். பையனின் அப்பாவுக்கு மட்டும் அழைப்பில்லை.

பெரியவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் எழுந்து நின்றுவிட்டான்.

"பக்கத்து வீட்டுக்காரர்," என்றான். "பக்கத்து ஃபிளாட்டுல இருக்காரு."

அப்பா மகனைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் குனிந்துகொண்டாள்.

"ஆமா," என்றார் அப்பா. "பக்கத்துலதான். நீங்க பேசிக்கிட்டிருங்க, நான் அப்புறமா வரேன்."

திரும்பியிருப்பார். பெண்ணின் தகப்பனார் விடவில்லை. கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

"அட, வாங்க சார்! பையனப் பத்திப் பக்கத்து வீட்டுல விசாரிச்சாத்தானே உண்மை வரும்? நாங்க தேடிப் போக வேண்டியவரு தானா வந்திருக்காரு. உட்காருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவனும் சிரித்தான். அப்பா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியவள் காபி கொண்டுவந்து நீட்டினாள்.

"சொல்லுங்க, பையன் எப்படி?"

"நல்ல பையன் சார். சின்ன வயசுலேர்ந்தே..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். "சின்ன வயசுலேர்ந்தே பொறுப்பான பையன்னு அவங்க அக்கா சொல்லுவாங்க. கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. கொஞ்சம் ரோஷக்காரன். மத்தபடி தங்கம்."

"அவங்க அப்பா வெளியூர் போயிருக்காராமே? உங்களுக்குப் பழக்கமா?" என்றாள் பெண்ணின் தாயார்.

சின்னவன் தன் காபிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்த்திருக்கேன். அமைதியான மனுஷன். வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது."

"அப்படிப்பட்டவங்கதான் வேணும்," என்று அந்த அம்மாள் தலையாட்டினாள். அவள் கண் மட்டும் வந்தது முதல் கிளிச் சட்டையிலேயே இருந்தது. கடைசியில் கேட்டேவிட்டாள். "கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்த வயசுல இப்படியெல்லாம் போட்டுக்கறீங்களே, வீட்டுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"வீட்டுல சொல்றதுக்கு ஆள் இல்லம்மா."

"பிள்ளைங்க?"

"ரெண்டு பேரு. நல்லா இருக்காங்க."

"கூட இல்லையா?"

"பக்கத்துலதான் இருக்காங்க," என்றார் அப்பா.

பெரியவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

முதல்வர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பொதுவா சொல்றேன் சார், உங்களச் சொல்லல. ஒரு வயசுக்கு மேல நாம அடக்கி வாசிக்கணும். இருபது வயசுப் பசங்க போடறத நாம போட்டா, பாக்கறவங்களுக்கு வேடிக்கை, பெத்த பிள்ளைக்குத் தலைகுனிவு."

"ஏன்ப்பா, அடக்கி வாசிக்கறதுக்குன்னு தனியா ஒரு கலர் இருக்கா?" என்றாள் அந்தப் பெண். அதுவரை அவள் வாய் திறக்கவில்லை.

"இருக்கே. நான் போட்டிருக்கேன் பாரு!"

அவர் சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தார். மறுபடியும் சிரிப்பு.

"எனக்கும் நாப்பது வருஷம் அந்தக் கலர்தான் சார்," என்றார் அப்பா.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று அந்தப் பெண் கேட்டாள். கேலி இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

அப்பா அவளைப் பார்த்தார். சொல்ல நிறைய இருந்தது. சின்னவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சலிச்சுப்போச்சும்மா," என்று சொல்லிவிட்டு எழுந்தார். "வரேன் சார். நல்ல சம்பந்தம். தயங்காம முடிங்க."

பெரியவள் வாசல்வரை வந்தாள். கன்னம் இறுகிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் இருந்த டப்பாவை அப்பா தொட்டுப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் எந்த உறவில் இதைக் கொடுப்பது? கையை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்த பிறகுதான் அடுத்த சங்கடம் உறைத்தது. கதவு திறந்தே இருக்கிறது. சோபாவிலிருந்து பார்த்தால் லிஃப்டும் படிக்கட்டும் நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்குள்தானே போக வேண்டும்?

பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்கியது. அங்கே குடியிருந்தவர்கள் காலிசெய்து மாதக்கணக்காகிறது. அப்பா அந்தக் கதவின் முன்னால் போய் நின்றார். இல்லாத சாவியைப் பேன்ட் பையில் தேடினார். இந்தப் பையில் தேடினார், அந்தப் பையில் தேடினார். உள்ளேயிருந்து முதல்வரின் பேச்சுக் கேட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவர் எதற்காகத் தேடுகிறார் என்பது பெரியவளுக்குப் புரிந்தது. அவர் முதுகைப் பார்த்தபடியே மெல்லக் கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகு அப்பா படியிறங்கினார். வாட்ச்மேன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நல்லதாய்ப் போயிற்று.

பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுப் பெண்மணி, "சட்டை ஜோரா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள். வேறு நாளாக இருந்தால் அப்பா இறங்கும் இடம்வரை பேசியிருப்பார். கடை இருக்கும் தெரு, பேரம் பேசிய விதம், துணியின் தரம் என்று ஒன்றையும் விட்டிருக்க மாட்டார். இன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் பெரியவள் சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். அப்பா பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கிளிச் சட்டை நாற்காலி முதுகில் தொங்கியது. அவள் விளக்கைப் போட்டாள். டப்பாவை மேஜையில் வைத்தாள். அதற்கு மேல் தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்ப்பா அப்படி நடிச்சீங்க? நான்தான் இவனோட அப்பான்னு பளிச்சுனு சொல்லியிருக்கலாமே!"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்," என்றார் அப்பா.

அவள் அழுதாள். அவர் அழவிட்டார். பிறகு எழுந்து, சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன டப்பாவை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"இதக் குடுக்கத்தான் வந்தேன். ராத்திரி மாட்டிக்கிட்டுப் படு. முதல்ல ரெண்டு நாளு வாயெல்லாம் எச்சில் ஊறும். அப்புறம் பழகிடும்."

அவள் டப்பாவைத் திறந்து பார்த்தாள். இன்னும் அதிகமாக அழுதாள்.

"உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேஷமெல்லாம்? ஜனங்க கேலி பண்றாங்கப்பா. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியும்மா."

"பின்ன?"

அப்பா மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்தார்.

"உங்கம்மா போனப்புறம் மளிகைக் கடையில போய் நிப்பேன். எனக்குப் பின்னால வந்தவன் வாங்கிட்டுப் போயிடுவான். கடைக்காரரு, 'அடடே, நீங்க நிக்கறீங்களா, கவனிக்கலையே'ம்பாரு. ரோட்டுல எதிர்ல வர்றவங்க எம்மேல வந்து முட்டுவாங்க. நான் குறுக்க வரலம்மா, நின்னுக்கிட்டுத்தான் இருப்பேன். வாரம் பூரா யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம இருந்திருக்கேன். டி.வி.யில செய்தி வாசிக்கற பொண்ணு வணக்கம்னு சொல்லும். நானும் திருப்பி வணக்கம்பேன்."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"அப்புறம் ஒரு நாள் நல்ல மழை. தெப்பமா நனைஞ்சுட்டேன். நடைபாதைக் கடையில கையில கிடைச்ச சட்டையை வாங்கி மாட்டிக்கிட்டேன். இந்தக் கிளிச் சட்டைதான். பஸ் ஸ்டாப்புல ஒரு அம்மா பார்த்துட்டு, 'இந்தக் கிளி பேசுமா?'ன்னாங்க. பஸ் வர்ற வரைக்கும் பேசிக்கிட்டிருந்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தா தொண்டை வலிக்குது. அவ்வளவு பேசி ரொம்ப நாளாச்சு எனக்கு."

"அப்பா..."

"கேலி பண்றவன் கேலி பண்ணட்டும். அதுக்காகவாவது திரும்பிப் பாக்கறான் இல்ல?"

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. சின்னவன் ஷூவைக் கழற்றி, ஜோடி சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். அக்கா அழுதிருப்பதைப் பார்த்தான். மன்னிப்புக் கேட்பதற்கென்றே வந்திருந்தான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அவங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்குப்பா."

"ரொம்ப சந்தோஷம்டா."

"அடுத்த ஞாயித்துக்கிழமை உங்களப் பார்க்க வரணும்ங்கறாங்க. நீங்க ஊர்லேர்ந்து வந்துடுவீங்கன்னு..." என்று நிறுத்தினான். "வந்துடுவீங்கன்னு சொல்லிட்டேன்."

பெரியவள் வெடித்தாள். "பைத்தியமாடா உனக்கு? அவ்வளவு நேரம் எதிர்ல உட்கார்ந்து பார்த்திருக்காங்க!"

"இல்லக்கா, நான் யோசிச்சுட்டேன். அவங்க முகத்தையா பார்த்தாங்க? சட்டையையும் ஷூவையும்தான் பார்த்தாங்க. முடிய ஒட்ட வெட்டிட்டு, அந்த வளையத்தக் கழட்டிட்டு, பழைய வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு அப்பா அமைதியா உட்கார்ந்தார்னா..." அவன் அப்பாவிடம் திரும்பினான். குரல் கெஞ்சியது. "உங்கள அவங்களுக்கு அடையாளம் தெரியாதுப்பா. சத்தியமா தெரியாது."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பெரியவளுக்குப் பயமாக இருந்தது.

"எனக்குத் தெரியாதாடா அது? வெள்ளைச் சட்டை போட்டா என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது. வருஷக்கணக்கா போட்டுப் பார்த்தவன் நான்."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அப்போது சின்னவனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அவதான்," என்று காதில் வைத்தான்.

"சொல்லும்மா... ஆமா, வெளியிலதான் இருக்கேன்... என்னது?" மலர்ந்த முகம் அப்படியே உறைந்தது. "அப்பாவா? அதான் சொன்னேனே, ஊர்ல..." கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "உங்ககிட்டதான் பேசணுமாம்ப்பா," என்று போனைக் காதிலிருந்து எடுத்து அப்பாவிடம் நீட்டினான்.

அப்பா வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

"வணக்கம் அங்கிள்," என்றாள் அந்தப் பெண். "கீழ இறங்கும்போது வாட்ச்மேன்கிட்ட, மூணாவது மாடியில அந்தக் கிளிச் சட்டை சார் நல்லா டிரஸ் பண்றாரேன்னு சொன்னேன். அவரு ஹீரோ சாரும்மா, நர்ஸம்மாவோட அப்பான்னாரு. எங்கப்பா அம்மா கார்ல ஏறிட்டாங்க. அவங்களுக்கு இன்னும் தெரியாது."

"அவன் மேல தப்பு..." என்று ஆரம்பித்தார்.

"அவருக்காகப் பேசாதீங்க அங்கிள். இன்னிக்கு முழுக்க அதத்தான் பண்ணீங்க. சொந்த அப்பாவையே பக்கத்து வீட்டுக்காரராக்கினவரு, நாளைக்கு என்னை யாருன்னு சொல்லுவாரோன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். நீங்க பல் லேபுல வேலை பாக்கறதா அவரு சொல்லியிருக்காரு. நாளைக்குக் காலையில அங்க வரேன். தனியா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க சொல்ற பதிலை வச்சுத்தான் இந்தக் கல்யாணம் நடக்கறதும் நடக்காததும். அது வரைக்கும் அவர்கிட்ட எதுவும் சொல்லாதீங்க."

"சரிம்மா," என்றார் அப்பா. "வா."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டாள். இத்தனை காலம் யாரும் அவரைக் கேட்டு எதையும் முடிவு செய்ததில்லை. நாளைக்கு ஒருத்தி கேட்கப்போகிறாள். அதை வெளியே சொல்லிக்கொள்ள வழியில்லை.

திரும்பினார். சின்னவன் அதே இடத்தில் நின்றிருந்தான். கழுத்தில் டை தளர்ந்து கிடந்தது.

"என்னப்பா சொன்னா? கோவமா இருக்காளா? வேண்டாம்னுட்டாளா?"

அப்பா போனை அவன் கையில் கொடுத்தார். மேஜையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். ஒருவருக்கு மட்டும் அளவாகத்தான் இருந்தது.

"ஒண்ணுமில்ல," என்றார். "நீ சாப்பிட்டியா?"